கலென்டாடோ: நேற்றைய பீன்ஸும் சோறும் இன்றைய காலை உணவாகும் முறை

கொலம்பியாவின் அந்தியோக்கியா மாநிலத்து வீடுகளில், முந்தைய நாள் மிஞ்சிய பீன்ஸையும் சோற்றையும் ஒரே சட்டியில் வதக்கி, மேலே பொரித்த முட்டையும் பக்கத்தில் அரெப்பா என்னும் மக்காச்சோள மாவு அடையும் வைத்துக் காலையில் சாப்பிடுவார்கள். இதன் பெயர் கலென்டாடோ. கேட்பதற்கு ஐந்து நிமிட வேலை போலத் தெரியும். ஆனால் முதன்முறை செய்பவர்களின் சட்டியில் பெரும்பாலும் குழைந்த பொங்கல் போன்ற ஒன்றுதான் வந்து நிற்கிறது. அதற்கான காரணத்தைக் காலை அடுப்பில் தேடிப் பயனில்லை. முந்தைய இரவில் பீன்ஸ் எவ்வளவு கெட்டியாக இருந்தது, சோறு எப்படி ஆறியது என்பதிலேயே பாதி முடிவாகிவிடுகிறது.

ஆகவே இந்த வழிகாட்டி இரவில் தொடங்குகிறது. அளவுகள் நான்கு பேருக்கு. இரவு உணவுக்கும் மறுநாள் காலைக்கும் சேர்த்தே சமைக்கிறோம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. கையில் இருக்க வேண்டியவை

பீன்ஸ், சோற்றுக்கு: காய்ந்த பீன்ஸ் 500 கிராம், பாதி வாழைக்காய், கேரட் 1, நீள அரிசி 2½ கப், எண்ணெய், உப்பு.

ஓகாவோ என்னும் தக்காளி வதக்கலுக்கு: நன்கு பழுத்த தக்காளி 600 கிராம், வெங்காயத்தாள் 6 தண்டு, பூண்டு 3 பல், சீரகத்தூள் ½ தேக்கரண்டி.

காலைக்கு: முட்டை 4, நன்கு பழுத்த நேந்திரம்பழம் 2, முன்பே வேகவைத்து உலர்த்திய வெள்ளை மக்காச்சோள மாவு 1½ கப், உப்புக் குறைந்த வெள்ளைப் பாலாடைக்கட்டி கொஞ்சம், கொத்தமல்லி. இறைச்சி சாப்பிடுபவர்கள் முந்தைய நாள் மீதமான கொத்துக்கறியோ, பிய்த்த மாட்டிறைச்சியோ, சொரிசோ என்னும் பன்றி இறைச்சித் தொத்திறைச்சியோ ஒரு கப் எடுத்துக்கொள்ளலாம். இறைச்சியே இல்லாமலும் இது முழுமையான உணவுதான்.

பீன்ஸ் வகை முக்கியம். அந்தியோக்கியாவில் கார்கமாந்தோ என்ற பெரிய, சிவப்புக் கோடுகள் ஓடிய பீன்ஸைப் பயன்படுத்துகிறார்கள். நம் கடைகளில் கிடைக்கும் சித்ரா ராஜ்மா அதற்கு மிக அருகில் வரும். இரண்டும் ஒரே தாவர இனம். சிவப்பு ராஜ்மாவும் ஆகும், ஆனால் அதன் தோல் தடிமன், சாறு கெட்டியாக நேரம் பிடிக்கும். கறுப்பு பீன்ஸ் வேண்டாம். அது வெனிசுவேலா, கியூபா சமையலின் சுவைக்கு உங்களைக் கொண்டுபோய்விடும்.

பாத்திரம்: 28 முதல் 30 சென்டிமீட்டர் அகலமான, அடி கனத்த இரும்புச் சட்டி. சிறிய சட்டியில் நான்கு பேருக்கான அளவைக் கொட்டினால் நீராவி வெளியேற வழியில்லாமல் எல்லாம் வெந்து குழையும், வதங்காது. பெரிய சட்டி இல்லையென்றால் இரண்டு தவணையாகச் செய்யுங்கள்.

2. முந்தைய இரவு: பீன்ஸ்

பீன்ஸை 8 முதல் 12 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். ஊறாத பீன்ஸ் உள்ளே வேகும் முன் தோல் வெடித்துப் பிரியும். காலையில் வதக்கும்போது அந்தத் தோல்கள் தனியாகச் சுருண்டு வாயில் தட்டுப்படும்.

ஊறிய பீன்ஸைப் பிரஷர் குக்கரில் போட்டு, அதற்கு மேல் மூன்று விரல் அளவு புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். துருவிய கேரட்டைச் சேருங்கள். வாழைக்காயைத் தோல் சீவி, கத்தியால் வெட்டாமல் கையாலோ கரண்டி முனையாலோ சிறு சிறு துண்டாகப் பிய்த்துப் போடுங்கள். கத்தி பட்டால் பீன்ஸ் சாறு கறுத்துவிடும் என்பது அங்குள்ள பாட்டிமார்களின் பேச்சு. எனக்குத் தெரிந்த பயன் வேறு: பிய்த்த துண்டின் ஓரம் சொரசொரப்பாக இருப்பதால் மாவுச்சத்து எளிதாகக் கரைந்து சாறு இயல்பாகக் கெட்டிப்படுகிறது. இந்த வாழைக்காய்தான் மறுநாள் கலென்டாடோவைச் சட்டியில் பிடித்து நிறுத்துகிறது. அதைத் தவிர்த்துவிட்டு, பிறகு சோளமாவு கரைத்து ஊற்றிச் சரிசெய்யப் பார்ப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் வழவழப்பு வரும், சுவை வராது.

முதல் விசிலுக்குப் பிறகு தணலைக் குறைத்து 25 நிமிடம் வையுங்கள். கொலம்பியாவில் பீன்ஸுக்குக் குக்கர் ஏறக்குறையக் கட்டாயம். மெடலின் நகரம் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, தலைநகர் பொகோட்டா சுமார் 2,600 மீட்டர் உயரத்தில். பொகோட்டாவில் தண்ணீர் 91 டிகிரி செல்சியஸ் அருகிலேயே கொதித்துவிடும். திறந்த பானையில் பீன்ஸ் அரை நாள் கிடக்க வேண்டியிருக்கும். ஊட்டி, கொடைக்கானல் போன்ற உயரமான இடங்களில் சமைப்பவர்களும் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. ராஜ்மா வகைப் பீன்ஸில் இயற்கையாகவே ஒரு நச்சுப் புரதம் உண்டு. நன்றாகக் கொதித்தால் அது அழிந்துவிடும். இளஞ்சூட்டில் நெடுநேரம் கிடந்தால் அழியாது. குக்கர் இல்லாமல் மின்சார மெதுவடுப்பில் வைப்பதானால், முதலில் சாதாரண அடுப்பில் குறைந்தது 10 நிமிடம் தளதளவென்று கொதிக்கவிட்ட பிறகே மாற்றுங்கள்.

பீன்ஸை இரண்டு விரலால் நசுக்கினால் உள்ளே வெண்ணெயாக மசிய வேண்டும். இந்தப் பதம் வந்த பிறகுதான் உப்பு. சாறு இன்னும் வற்றப்போகிறது. முன்பே போட்ட உப்பு கடைசியில் கரித்துவிடும்.

3. முந்தைய இரவு: ஓகாவோ

பீன்ஸ் குக்கரில் இருக்கும்போதே இதைச் செய்யலாம். மூன்று மேசைக்கரண்டி எண்ணெயில், பொடியாக நறுக்கிய வெங்காயத்தாளை வெள்ளைப் பகுதியும் பச்சைப் பகுதியுமாகச் சேர்த்து, மிதமான தீயில் 5 நிமிடம் வதக்குங்கள். நிறம் மாறக் கூடாது. வெங்காயம் பொன்னிறமாகும் வரை வதக்குவது நம் கைப்பழக்கம். இங்கே அந்தப் பழக்கத்தைக் கொஞ்சம் அடக்கி வைக்க வேண்டும். வெங்காயம் சிவந்தால் ஓகாவோவின் இளந்தித்திப்பு போய், குருமாவின் மணம் வந்துவிடும்.

பிறகு நசுக்கிய பூண்டு, அரை நிமிடம் கழித்துத் தோல் நீக்கி நறுக்கிய தக்காளி, சீரகத்தூள், உப்பு. தீயைக் குறைத்து 15 நிமிடம். எண்ணெய் பிரிந்து ஓரத்தில் நிற்கும்போது இறக்குங்கள். மிளகாய்த்தூள், மஞ்சள், கரம் மசாலா எதுவும் இதில் கிடையாது. காரம் வேண்டுபவர்களுக்குத் தட்டின் ஓரத்தில் தனியாக வைக்க ஒன்று இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பாதி ஓகாவோவை வெந்த பீன்ஸில் சேர்த்து, குக்கர் மூடி இல்லாமல் 20 முதல் 30 நிமிடம் கொதிக்கவிடுங்கள். மற்ற பாதியை மூடி எடுத்து வையுங்கள். பீன்ஸ் மென்மையாவதற்கு முன் தக்காளி சேர்க்கக் கூடாது. தக்காளியின் புளிப்பு பீன்ஸ் தோலையும் சதையையும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். எவ்வளவு நேரம் வைத்தாலும் ஒரு சிறு கடினம் உள்ளே நின்றுவிடும்.

எப்போது நிறுத்துவது? கரண்டியைப் பாத்திரத்தின் அடியில் இழுத்தால் அந்தத் தடம் ஒரு நொடி தெரிந்து மூட வேண்டும். இரவு சாப்பிட அது சரியான பதம். ஆறிய பிறகு இன்னும் இறுகும். காலையில் எடுக்கும்போது கரண்டியில் கட்டியாக நிற்கும். அதுவே நமக்கு வேண்டியது.

4. முந்தைய இரவு: சோறு

அரிசியைக் கழுவி நீர் வடியுங்கள். இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயில் ஒரு நிமிடம் புரட்டி, ஒரு கப்புக்கு இரண்டு கப் தண்ணீரும் உப்பும் சேர்த்து, தண்ணீர் வற்றும் வரை திறந்து வைத்து, பின் மூடி 15 நிமிடம் மிகச் சிறு தீயில் விடுங்கள். அங்கே வீட்டுச் சோறு இப்படித்தான் உப்பும் எண்ணெயும் சேர்ந்தே வேகிறது. எண்ணெய் பூசிய பருக்கை ஒன்றோடொன்று ஒட்டாது என்பதால் மறுநாள் உதிர்ப்பது எளிது.

பொன்னி புழுங்கல் அரிசியும் நன்றாகவே வரும். ஒரு பதம் முன்னதாகவே இறக்கி, கஞ்சியை முழுவதும் வடித்து விடுங்கள். பாசுமதியை நான் பரிந்துரைப்பதில்லை. அதன் மணம் பீன்ஸோடு சேராமல் தனித்தே நிற்கிறது.

இரவில் மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றி வைப்பது நம் வீடுகளில் கை தானாகச் செய்கிற வேலை. அப்படி ஊறிய பழைய சோறு இதற்கு உதவாது. எவ்வளவு பிழிந்தாலும் பருக்கைக்குள் நீர் இருக்கும். சட்டியில் பட்டதும் கூழாகும்.

5. ஆற வைப்பதும் பத்திரப்படுத்துவதும்

பலரும் இதை ஒரு படியாகவே எண்ணுவதில்லை. நான் இதில் சிறிதும் விட்டுக்கொடுப்பதில்லை.

சாப்பிட்டு முடித்ததும் மூன்று கப் சோற்றை அகலமான தட்டில் பரப்பி, ஆவி அடங்கியவுடன் மூடியுள்ள டப்பாவில் போட்டுக் குளிர்பெட்டியில் வையுங்கள். சமைத்ததிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் இது நடந்துவிட வேண்டும். அரிசியில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரின் வித்துகள் கொதியிலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் அவை முளைத்து நஞ்சை உண்டாக்கும். வாந்தி வரவழைக்கும் அந்த நஞ்சு, மறுநாள் எவ்வளவு சூடாக்கினாலும் அழியாது. ‘காலையில்தான் நன்றாக வதக்கப் போகிறோமே’ என்ற சமாதானம் இங்கே செல்லாது.

குளிர்ச்சிக்குச் சமையல் காரணமும் உண்டு. குளிரில் சோற்றின் மாவுச்சத்து மீண்டும் இறுகிப் பருக்கை விறைப்பாகிறது. விறைத்த பருக்கைதான் கெட்டியான பீன்ஸ் சாற்றை மேலே பூசிக்கொண்டு, உள்ளே குழையாமல் நிற்கும். அன்று காலை வடித்த சூடான சோற்றில் கலென்டாடோ செய்ய முயல்பவர்கள் தோற்பது இதனால்தான்.

பீன்ஸ் இரண்டரை கப் அளவு, தாழ்வான பாத்திரத்தில். ஆழமான பாத்திரத்தில் நடுப்பகுதி ஆற நெடுநேரம் ஆகும். சோற்றையும் பீன்ஸையும் இரவே கலந்து வைக்காதீர்கள். சோறு இரவெல்லாம் சாற்றை உறிஞ்சி ஊதிப்போகும். ஒரு நாள் கழித்துச் செய்வது உத்தமம், இரண்டாம் நாளும் ஆகும். அதற்கு மேல் வைக்க வேண்டாம்.

6. காலையில் எது முதலில்

இரண்டு அடுப்புகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்கிறேன். புதிதாகச் செய்பவர்கள் முட்டையை முதலில் பொரித்துவிடுகிறார்கள். சோறு வதங்கி முடியும்போது மஞ்சள் கரு இறுகிக் கிடக்கிறது, அரெப்பா இன்னும் மாவாக இருக்கிறது. இந்த வரிசையில் செய்யுங்கள்:

முதலில் அரெப்பா மாவைப் பிசைந்து மூடி வையுங்கள், அது ஊற நேரம் வேண்டும். அடுத்து ஓர் அடுப்பில் பானத்தை (10-ஆம் பகுதியில் வருகிறது) ஏற்றி முடித்து, மூடி இறக்குங்கள். அந்த அடுப்பில் வாழைப்பழம் பொரியட்டும். அதே நேரம் மற்ற அடுப்பில் பெரிய சட்டியைக் காயவைத்துக் கலென்டாடோவைத் தொடங்குங்கள். பழம் முடிந்ததும் அந்த அடுப்பில் அரெப்பா. சட்டியில் சோறு அசையாமல் பொருக்குப் பிடிக்கும் கடைசி நிமிடங்களில் அரெப்பா இறங்கிவிடும், அங்கே முட்டை. மொத்தம் 40 நிமிடம் பிடிக்கும்.

7. அரெப்பா

மாவு விஷயத்தில்தான் அதிகமான பணமும் பொறுமையும் வீணாகின்றன. கடையில் கிடைக்கும் சாதாரண மக்காச்சோள மாவில் அரெப்பா வராது. கஸ்டர்டுக்குக் கரைக்கும் வெள்ளைச் சோளமாவிலும் வராது. முன்பே வேகவைத்து உலர்த்தி அரைத்த மாவுதான் வேண்டும், அதன் மாவுச்சத்து ஏற்கெனவே வெந்திருப்பதால் வெறும் தண்ணீரிலேயே ஒட்டிக்கொள்ளும். பச்சை மாவு எவ்வளவு பிசைந்தாலும் கல்லில் போட்டதும் விரிசல் விடும். சரியான மாவு கிடைக்காவிட்டால், தோல் நீக்கி உடைத்த மக்காச்சோளத்தை மெத்தென்று வேகவைத்து, நீரை நன்கு வடித்து, தண்ணீர் விடாமல் அரைத்துப் பிசையுங்கள். அங்கே பழைய முறையும் இதுவே.

ஒன்றரை கப் மாவுக்கு ஒன்றே முக்கால் கப் வெதுவெதுப்பான தண்ணீர். தண்ணீரில் மாவைத் தூவிப் பிசைந்து 10 நிமிடம் மூடி வையுங்கள். உருண்டையை உள்ளங்கையில் அழுத்தும்போது ஓரம் வெடித்தால் தண்ணீர் போதவில்லை. ஈரக்கையால் இன்னும் பிசையுங்கள். அரை சென்டிமீட்டர் கனத்துக்கு வட்டமாகத் தட்டி, எண்ணெய் தடவாத தோசைக்கல்லில் மிதமான தீயில் பக்கத்துக்கு 4 நிமிடம். மேல்தோல் காய்ந்ததும் கம்பி வலையில் வைத்து நேரடித் தீயில் இரு பக்கமும் ஆங்காங்கே கருகவிடுங்கள். கல்லில் மேல்தோல் காயாமல் நேராக வலைக்குப் போனால் ஒட்டிக் கிழியும்.

அந்தியோக்கியா அரெப்பாவில் வழக்கமாக உப்பே சேர்ப்பதில்லை. முதல் கடியில் சப்பென்று தோன்றும். பீன்ஸிலும் ஓகாவோவிலும் பாலாடைக்கட்டியிலும் உப்பு இருக்கிறது. இடையிடையே நாக்குக்கு ஓய்வு கொடுப்பதுதான் அரெப்பாவின் வேலை. உப்புப் போட்டு முயன்றவர்கள் பாதித் தட்டிலேயே தண்ணீர் கேட்கிறார்கள்.

8. சட்டியில் கலென்டாடோ

தொத்திறைச்சி இருந்தால் அதிலிருந்து தொடங்குங்கள். வட்டமாக நறுக்கி, காய்ந்த சட்டியில் எண்ணெய் இல்லாமல் வறுத்தால் அதன் கொழுப்பு வெளியேறும். துண்டுகளை எடுத்து வைத்துவிட்டு அந்தக் கொழுப்பிலேயே மற்றதைச் செய்யலாம். இல்லையென்றால் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய்.

ஓகாவோ முதலில். எடுத்து வைத்ததில் முக்கால் பங்கைச் சூடான எண்ணெயில் போட்டு, ஓரம் சலசலக்கும் வரை இரண்டு நிமிடம் வதக்குங்கள். சோற்றின் மேல் கடைசியில் ஊற்றினால் அது குழம்பாகத் தேங்கும். எண்ணெயில் முதலில் பட்டால் அதன் மணம் முழுச் சட்டிக்கும் பரவும்.

அடுத்து பீன்ஸ் மட்டும். சோறு இன்னும் வரவில்லை. குளிர்ந்த பீன்ஸைப் போட்டு, கால் பங்கைக் கரண்டியின் பின்புறத்தால் நசுக்குங்கள். மீதியை முழுதாக விடுங்கள். நசுக்கியது சோற்றைப் பிணைக்கும், முழுதாக இருப்பது பல்லுக்கு. மிதமான தீயில் 4, 5 நிமிடம், கரண்டி இழுத்த தடம் மூடாமல் நிற்கும் வரை வற்றவிடுங்கள். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு வரியை நினைவில் வைக்க முடியுமென்றால் இதை வையுங்கள்: பீன்ஸ் வற்றாமல் சோறு சட்டிக்குள் வரக் கூடாது. அவசரப்படுபவர்கள் இரண்டையும் சேர்த்துக் கொட்டிவிடுகிறார்கள். வற்ற வேண்டிய நீரைச் சோறு குடித்துவிடுகிறது. பிறகு எவ்வளவு நேரம் வதக்கினாலும் நீர் வெளியே வராது, பருக்கைதான் உடையும்.

மீதமான கொத்துக்கறியோ பிய்த்த இறைச்சியோ இருந்தால் இப்போது சேர்த்து இரண்டு நிமிடம் சூடேற்றுங்கள்.

இனி சோறு. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கட்டியைச் சட்டிக்கு வெளியே, தட்டிலேயே ஈரக்கையால் உதிர்த்துக்கொள்ளுங்கள். சட்டிக்குள் கரண்டியால் குத்தி உடைத்தால் பருக்கை நசுங்கும். உதிர்த்த சோற்றைத் தூவி, அடியிலிருந்து மேலாகப் புரட்டுங்கள். ஒவ்வொரு பருக்கையும் பழுப்பு நிறம் பூசிக்கொள்ள மூன்று நிமிடம் போதும். உப்பை இப்போது பாருங்கள்.

பிறகு கரண்டியைக் கீழே வைத்துவிடுங்கள். சோற்றைச் சட்டி முழுதும் சமமாக அழுத்திப் பரப்பி, தீயைச் சற்றுக் கூட்டி, 4 நிமிடம் தொடாதீர்கள். அடியில் ஒரு பொருக்கு உருவாகும். கொலம்பியாவின் கரீபியக் கரையோரத்தில் குக்காயோ என்று அழைத்து, சோற்றுப் பானையின் அடிப்பொருக்குக்குப் போட்டி போடுவார்கள். அந்த மொறுமொறுப்பு கலென்டாடோவிலும் வேண்டும். மணம் வறுபட்டதாக மாறும்போது தட்டைக் கரண்டியால் பகுதி பகுதியாகப் பெயர்த்துத் திருப்புங்கள், கிளறாதீர்கள். இன்னொரு 3 நிமிடம். நடுவில் ஆவி பறக்கும் சூடு இருக்க வேண்டும். வெப்பமானி வைத்திருப்பவர்கள் 74 டிகிரி செல்சியஸ் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒட்டாத பூச்சுள்ள சட்டியில் பொருக்கு மெலிதாகத்தான் வரும். அதற்காக நெருப்பை ஏற்றிப் பூச்சைக் கெடுக்க வேண்டாம், இருந்தபடி சாப்பிடுங்கள்.

9. பழம், பன்றிக்கொழுப்பு, முட்டை

பிளாந்தானோ மதூரோ என்று அவர்கள் சொல்லும் பழுத்த வாழைக்கு நேந்திரம்பழம் நேரான மாற்று. தோல் பாதிக்கு மேல் கறுத்திருக்க வேண்டும். மஞ்சளாகப் பளபளக்கும் பழத்தில் மாவுச்சத்து இன்னும் சர்க்கரையாக மாறியிருக்காது, பொரித்தால் வறண்டு நிற்கும். ஒரு சென்டிமீட்டர் கனத்தில் சாய்வாக நறுக்கி, சட்டியில் அரை விரல் ஆழ எண்ணெயில் மிதமான தீயில் பொரியுங்கள். சர்க்கரை அதிகம் என்பதால் தீ கூடினால் வெளியே கருகி உள்ளே பச்சையாக இருக்கும்.

சிச்சரோன் என்னும் பொரித்த பன்றி வயிற்றிறைச்சி மீந்திருந்தால் அதைச் சோற்றில் கலக்காதீர்கள். குளிர்பெட்டியில் இருந்ததால் தோல் தளர்ந்திருக்கும். ஈரமான சோற்றில் இன்னும் தளரும். தனிச் சட்டியில் எண்ணெய் இல்லாமல், மூடாமல், அதன் கொழுப்பிலேயே மறுபடி மொறுமொறுப்பாக்கித் தட்டில் மேலே வையுங்கள்.

முட்டை கடைசி. பழம் பொரித்த எண்ணெயில் கொஞ்சம் நிறுத்திக்கொண்டு, நன்கு காய்ந்ததும் உடைத்து ஊற்றி, எண்ணெயைக் கரண்டியால் வெள்ளைக் கருவின் மேல் அள்ளி ஊற்றுங்கள். வெள்ளை ஓரம் மொறுமொறுக்க வேண்டும், மஞ்சள் கரு இளகியே இருக்க வேண்டும். உலர்ந்த சோற்றுக்குக் குழம்பு அந்த மஞ்சள் கருதான். இளகிய கரு பிடிக்காதவர்கள் ஓகாவோவில் மிச்சமானதைச் சூடாக்கி, அதில் முட்டையை உடைத்துக் கிளறி இறக்கலாம். பெரிக்கோ என்ற அந்தத் தக்காளி வெங்காய முட்டைக் கிளறலும் அங்கே அன்றாடம் மேசைக்கு வருவது.

10. பானமும் காரமும்

அகுவாபனேலா எளியது: ஒரு லிட்டர் தண்ணீரில் 100 கிராம் பனேலாவைக் கரைத்து ஒரு கொதி விடுவது. பனேலா என்பது சுத்திகரிக்காத கரும்புச் சாற்றுக் கட்டி. நம் கரும்பு வெல்லம் அதே பொருள்தான். மண் இருக்கும், வடிகட்டுங்கள். பால் சேர்ப்பதானால் வெல்ல நீரை இறக்கிச் சூடு குறைந்த பின், காய்ச்சிய பாலைக் கலந்துகொள்ளுங்கள். கொதிக்கும்போது சேர்த்தால் திரியும்.

சாக்லேட் விரும்பினால், பால் சேர்க்காத கறுப்பு சாக்லேட் கட்டியை ஒரு கோப்பைக்கு ஏறத்தாழ 25 கிராம் வீதம் பாலில் கரைத்து, பொங்கி எழும்போது இறக்கி, மறுபடி ஏற்றி, நன்றாக நுரைக்க அடியுங்கள். அங்கே மொலினியோ என்ற மரக் கடைகோலை இரு உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டிக் கடைகிறார்கள். வீட்டில் பருப்பு மத்து இருந்தால் அதே வேலையைச் செய்யும். நுரை இல்லாத சாக்லேட்டில் கொக்கோக் கொழுப்பு மேலே எண்ணெயாக மிதக்கும். கடைவது அழகுக்காக மட்டும் இல்லை.

காரத்துக்கு ‘ஆகி’ என்ற தொடுகறி: கொத்தமல்லி, வெங்காயத்தாள், பச்சை மிளகாய் மூன்றையும் பொடியாக நறுக்கி, வினிகர், எலுமிச்சைச் சாறு, சிறிது தண்ணீர், உப்புச் சேர்த்து 15 நிமிடம் ஊறவிடுங்கள். சட்டிக்குள் ஊற்ற வேண்டாம், தட்டில் அவரவர் போட்டுக்கொள்ளட்டும்.

11. குழைந்துவிட்டால், வறண்டுவிட்டால்

சட்டியில் சேறாகிவிட்டதென்று தெரிந்தால் கிளறுவதை உடனே நிறுத்துங்கள். பாதியை வெளியே எடுத்து, மீதியை மெல்லிய அடையாகப் பரப்பி, சிறிது எண்ணெய் விட்டு, ஒரு பக்கம் நன்றாகச் சிவக்கவிட்டுத் திருப்புங்கள். பருக்கை உதிரியாக இருக்காது, ஆனால் ஈரம் போய்ப் பொருக்கு வரும். நல்ல சாப்பாடாக இருக்கும். மற்ற பாதியையும் அதேபோல் செய்யுங்கள்.

வறண்டிருந்தால் பச்சைத் தண்ணீர் தெளிக்காதீர்கள். மீந்த பீன்ஸ் சாறு இருந்தால் அதுவோ, மீதி ஓகாவோவோ இரண்டு கரண்டி போதும். இதற்காகவே ஓகாவோவில் கால் பங்கை நிறுத்தி வைக்கச் சொன்னேன்.

சுவை மந்தமாகத் தோன்றினால் பெரும்பாலும் குறை உப்பில் இருக்காது. நறுக்கிய கொத்தமல்லியும் சில துளி எலுமிச்சையும் சேர்த்துப் பாருங்கள்.

மீந்ததை மீண்டும் குளிர்பெட்டிக்கு அனுப்பாதீர்கள். சோறு ஒருமுறை ஆறி, ஒருமுறை சூடேறியாகிவிட்டது. காலையில் எத்தனை பேரோ அந்த அளவுக்கு மட்டும் குளிர்பெட்டியிலிருந்து எடுங்கள்.

12. பீன்ஸ் இல்லாத வீட்டில்

இந்த உணவுக்கு ஒரே ஒரு செய்முறை இல்லை. பொகோட்டா பக்கத்து மலைநாட்டில் மிஞ்சிய பயறு, உருளைக்கிழங்கு, பாஸ்தா, இறைச்சி எல்லாம் சோற்றோடு சட்டிக்குள் போகும். டிசம்பர் 25, ஜனவரி 1 காலைகளில் முந்தைய இரவு விருந்தில் மிஞ்சியவற்றை அப்படியே கலென்டாடோவாக்கிக் குடும்பமே உட்கார்ந்து சாப்பிடுவது நாடெங்கும் வழக்கம்.

பொருள் மாறும்போது வரிசை மட்டும் மாறும். உருளைக்கிழங்கு இருந்தால் ஓகாவோவுக்கும் முன்பே எண்ணெயில் போட்டுச் சிவக்கவிடுங்கள், பிறகு சாறு பட்டால் சிவக்காது. மசூர் வகைப் பயறு பீன்ஸைவிட எளிதில் உடையும். அதன் நீரை வடித்து, அந்த நீரை மட்டும் ஓகாவோவில் வற்றவைத்து, சோறு போட்டுப் புரட்டிய பின் பயற்றைத் தூவுங்கள். பாஸ்தா கடைசியில், பொருக்குப் பிடிக்கவிடும் முன்.